கட்டிலைச் சுற்றி ஐந்து பேர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தம்பியின் மனைவி, அவர்கள் மகள், பிரார்த்தனைக் கூடத்தின் மூத்தவர். கட்டிலில் தம்பி. வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் எல்லாம் உடலை எடுத்துக்கொண்டு போகும்போது வந்தவர்கள்.

தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை. ஊசி போடாமல் ஒரு நாளும் தள்ள முடியாது. கூடத்தில் சேர்ந்த பிறகு அதை நிறுத்திவிட்டான். ஊசி என்பது சந்தேகம், சந்தேகம் உள்ள உடம்பில் அருள் தங்காது என்பது அவர்கள் கணக்கு. நோய் முற்றினால் வீட்டார் கட்டிலைச் சுற்றிக் கைகோத்து நின்று வேண்ட வேண்டும். முதலில் கையை விடுகிறவர் தலையில்தான் அந்த உயிர் போன பழி. நான் கூடத்தைச் சேர்ந்தவன் அல்ல. ஆனால் வீட்டுக்கு மூத்தவன் விலகி நின்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நின்றேன்.

தம்பிக்கு மூச்சு இரைத்தது. அதில் அழுகிய பழத்தின் வாடை. அவன் மகள் என் இடது கையைப் பிடித்திருந்தாள்.

"பெரியப்பா, அப்பாவுக்கு முடியல. ஊசி போட்டுரலாம்."

"வாய மூடுடி," என்றாள் அவள் அம்மா. "நீயே அவர அனுப்பி வச்சிராத."

மூத்தவர் குரலை உயர்த்தினார். என் வலது கை தளர்வதை உணர்ந்து என் மனைவி அதை இறுக்கினாள். இந்தக் குடும்பத்தில் கையை விட்ட முதல் ஆள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நானும் இறுக்கிக்கொண்டேன். பிற்பகலில் மூச்சு நின்றது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் யாரும் கையை விடவில்லை.

இத்தகைய வேண்டுதல்களைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்று ஊராரிடம் கேட்க இந்த மாதம் ஒரு அரசுக் குழு வந்தது. அதற்கு முந்தின நாள் மூத்தவர் என்னைத் தேடி வந்தார்.

"நீங்க பெரியவங்க. எல்லாரும் விருப்பப்பட்டுத்தான் செஞ்சோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. குடும்ப மானம் நிக்கும்."

உள்ளேயிருந்து தம்பி மகள் சொன்னாள்: "மானம் நல்லாத்தான் நிக்குது பெரியப்பா. அப்பாதான் படுத்துட்டாரு."

எங்கள் வாசற்படியைத் தாண்டச் சட்டத்துக்கு என்ன வேலை என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவன் நான். குழுவின் முன் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

"சட்டம் வேணும்," என்றேன். "அன்னைக்கு இருந்திருந்தா, அதத் திட்டிக்கிட்டே கைய விட்டிருப்போம். பழி சர்க்கார் மேல போயிருக்கும்."

அன்றிலிருந்து தம்பி மனைவி என்னோடு பேசுவதில்லை.

இன்னொன்று. மருந்தை நாங்கள் குப்பையில் எறிந்துவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு. பொய். அது அதே அறையில், ஃபிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டும்.