சகலையின் கேமராவைவிடச் சுத்தமானது

என் சகலை பல் டாக்டர். வாழ்நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் வாய்க்குள் பார்த்தவர், ஓய்வு பெற்றதும் நிமிர்ந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்ததோடு விட்டிருக்கலாம். கேமரா வாங்கி, நட்சத்திரங்களுக்கு நடுவே ஊர்ந்துபோன ஒரு வெளிச்சத்தைப் படம்பிடித்துவிட்டார். வானம் பார்ப்போர் சங்கத்தில் அதைத் திரையில் போட்டார்கள். என் மனைவி எழுந்து நின்று கைதட்டினாள். எங்கள் கல்யாண வீடியோவைக்கூட அவள் உட்கார்ந்தபடிதான் பார்ப்பாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். என்னிடம் கண்ணாடி வாங்கிய ஒருவர், அடுத்த தெருவில் ஒரு கொசு கண்ணடிப்பதைப் பார்த்துப் பதிலுக்குக் கண்ணடித்தார். வேண்டுமானால் அந்தக் கொசுவைக் கேட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்டவன் நான் இருக்க, பல் பிடுங்கியவர் வானத்தைப் பிடிப்பதா? வயிறு எரிந்தது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்காமலே காபி தயாரானது.

மனைவி போனில் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“ஏங்க, எவ்வளவு அழகாப் போகுது பாருங்க!”

“மணலை வாரி இறைச்ச மாதிரி பொரிபொரியா இருக்கு.”

“உங்களுக்கு மணல்தான் தெரியும். அவருக்கு வெளிச்சம் தெரிஞ்சுது.”

அடுத்த ஞாயிறு என் படமும் திரைக்கு வரும் என்று சங்கத்தில் அறிவித்துவிட்டுக் கேமரா கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண் என்னைப் பின்னறைக்கு அழைத்துப்போய், ஜன்னலில் கறுப்புத்துணியை இழுத்துவிட்டு, மூன்று கேமராக்களை டிவியில் மாட்டினாள்.

“எதைப் படம் எடுக்கணும் சார்?”

“என் சகலை எடுத்ததைவிட நல்லதா.”

“அது சரி, எதை?”

“வானத்துல ஓடற எதையும். எரிகல்லோ, செயற்கைக்கோளோ.”

“அப்ப இதை எடுத்துக்குங்க. சென்சார் பெருசு, லென்ஸ் வாய் அகலம். இருட்டுலயும் வெளிச்சத்தை நல்லா உறிஞ்சும். கொஞ்சம் பொரி இருக்கும், அது கெடுதல் இல்ல. ஒரு பல் டாக்டர்கூட இதைத்தான் வாங்கிட்டுப் போனார்.”

நான் மூன்றாவது கேமராவுக்குத் தாவினேன். அதில் இருட்டு, சலவைக்குப் போய் வந்ததுபோல இருந்தது.

“சார், அது படத்தை ஓயாம துடைச்சுக்கிட்டே இருக்கும். ஒரு இடத்துல நிக்காத சின்னச் சின்னதை எல்லாம் அழுக்குன்னு நெனச்சுக்கும். மெனுவுல போய் அந்தத் துடைக்கற வேலையை நிறுத்திட்டுத்தான் வானத்தை எடுக்கணும்.”

“நிறுத்தறதா? சுத்தமா இருக்குன்னுதானே அம்மா வாங்கறேன்!”

எரிகற்கள் பொழியும் என்று சங்கத்தில் சொன்ன இரவில் குடும்பமே எங்கள் மாடியில் கூடியது. சகலை தன் கேமராவை எடுத்து வரவில்லை.

“இன்னிக்கு உங்க முறை சகலை, நான் சும்மா பாக்கறேன்” என்றார்.

அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு அதிகமாக எரிந்தது. சும்மாவா பார்த்தார்? என் கேமராவுக்கு முன்னாலேயே கைப்பிடிச்சுவரோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, “அதோ! அங்க ஒண்ணு!” என்று கையைக் கையை வீசினார்.

மறுநாள் டிவியில் போட்டுப் பார்த்தோம். துடைத்துவைத்த நட்சத்திரங்கள். எரிகல் ஒன்றுகூட இல்லை.

“கண்ணாலயே அத்தனை பார்த்தோமே, எங்கங்க எல்லாம்?” என்றாள் மனைவி.

எரிகற்களை மட்டுமா காணோம்? சகலையையும் காணோம். வெறும் கைப்பிடிச்சுவரிலிருந்து, “அதோ! அங்க ஒண்ணு!” என்று குரல் மட்டும் வந்தது. சகலை மெல்லத் தன் முழங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சகலை, நான் அங்கதானே நின்னேன்?”

“எங்க நின்னீங்க? நடந்துக்கிட்டே இருந்தீங்க. நின்னிருந்தா படத்துல விழுந்திருப்பீங்க.”

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. மானம் போகப்போகிறது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அப்போது சகலையின் மனைவி, என் கொழுந்தியாள், நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“அத்தான், இன்னொரு தடவை போடுங்க.”

போட்டேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாம் தடவை சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, சகலை இல்லாத மாடியைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

“என்ன அமைதி அக்கா!”

சகலையின் முகம் கறுத்தது. எனக்கு ஜில்லென்று இருந்தது. போதாததற்கு என் மனைவி, எழுந்தே நின்று என்னைப் பார்த்தாள். எதற்காக இத்தனை நாள் வயிறெரிந்தேனோ, அந்தப் பார்வை. கண்ணாடி விற்றவன் ஜெயித்துவிட்டான். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை, துணி அளப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

“ஏங்க, உங்களை மாதிரி உயரமான ஆளையும் இது துடைச்சிடுமா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். மேஜைமேல் இருந்த கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது.

அசையாமல் உட்கார்ந்துகொண்டேன்.