நூறு மணி நேரமும் ஒரு கடிதமும்

முப்பத்து நான்கு வயதில் ஷஹீமாவுக்கு டாக்டராக வேண்டும் என்று தோன்றியது. அதுவரை ஹூஸ்டனில் ஓர் எரிவாயு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். கம்பெனி மூழ்கி வேலை போன அன்று அவளுக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. "அப்ளை பண்ணு, மத்தத நான் பாத்துக்கறேன்," என்றான் கணவன் இனாயத்துல்லா. ஹூஸ்டன் புறநகரான கேட்டியில் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஆன்ட்டிகளோ, "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பிரியாணிப் பக்கம் நகர்ந்தார்கள்.

வேறு துறையிலிருந்து மருத்துவத்துக்கு வர நினைப்பவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்களில் தனிப் படிப்பு உண்டு. அதை முடித்தால்தான் மெடிக்கல் ஸ்கூல் வாசலையே மிதிக்கலாம். ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்தும் கைவிரித்துவிட்டன. ஓர் இடத்துக்கு போன் செய்து காரணம் கேட்டாள். மார்க்கெல்லாம் பிரமாதம், ஆனால் ஒரு நோயாளியின் பக்கத்திலாவது நீங்கள் நின்றதுண்டா என்று அந்த அலுவலகப் பெண் திருப்பிக் கேட்டாள். நூறு மணி நேரம் ஆஸ்பத்திரியில் வேலை செய்து, மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் வரச் சொன்னாள்.

அப்படித்தான் 2003 ஏப்ரலில் ஷஹீமா வாலண்டியர் ஆனாள். சக்கர நாற்காலி தள்ளினாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர்களுக்கு அவளும் சுவரும் ஒன்றுதான். எண்பத்தெட்டாவது மணி நேரத்தில் ஒரு சர்ஜன் அவளை நின்று பார்த்தார். தமிழ் தெரியுமா என்று கேட்டார்.

உள்ளே நேசமலர் என்ற யாழ்ப்பாணத்து அம்மாள் இருந்தாள். வயது அறுபத்தொன்று, மார்பில் கட்டி. போனில் மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் கிடைக்க ஒரு மணி நேரம் ஆகுமாம். வாலண்டியர்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது முதல் நாளே சொல்லித்தந்த விதி. ஆனால் ஒரு டாக்டர் முதல்முறையாக அவளிடம் உதவி கேட்டிருக்கிறார். ஷஹீமா தலையாட்டிவிட்டாள்.

கதவருகில் மகன் ஷாந்தன் வழிமறித்தான். "அக்கா, அம்மாட்ட கான்சர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அப்பாவும் அந்தக் கான்சர் வருத்தத்திலதான் போனவர். கேட்டா அவ உடைஞ்சு போயிடுவா."

அவளுக்கு அது தவறாகவே படவில்லை. சென்னையில் கான்சரில் இறந்த, அவளைப் பெற்ற அத்தாவுக்கும் வீட்டில் யாரும் கடைசிவரை வியாதியின் பெயரைச் சொல்லவில்லையே. பெரியவர்களிடம் அப்படிச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள்.

சர்ஜன் விளக்கமாகப் பேசினார். ஷஹீமா சுருக்கமாகச் சொன்னாள். "சின்ன கட்டி ஆன்ட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நல்லதுங்கறாரு."

நேசமலரின் முகம் தெளிந்தது. "சின்னனெண்டா பிறகு பாப்பம் பிள்ளை. டிசம்பரில மகள் விதுஷாவின்ர கலியாணம். அது முடியட்டும்."

கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார் என்று ஷஹீமா சர்ஜனிடம் சொன்னாள். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று இவருக்குப் புரிகிறதா என்று சர்ஜன் ஆங்கிலத்தில் கேட்டார். ஷஹீமா ஷாந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "யெஸ்," என்றாள்.

வீட்டில் பேசிச் சம்மதிக்க வைப்பதாக ஷாந்தன் சொல்லியிருந்தான். வியாதியின் பெயரைச் சொல்லாமல் எப்படிச் சம்மதிக்க வைப்பது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதங்களை அவனே எடுத்து வைத்துக்கொண்டான். ஷஹீமா இரண்டு தரம் போன் செய்தாள். இரண்டு தரமும் கல்யாணம் முடியட்டும் என்றான். சர்ஜனிடம் போய் நடந்ததைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். சொன்னால் விதியை மீறியது தெரிந்துவிடும், கடிதம் கிடைக்காது, இன்னொரு வருடம் போய்விடும். அந்தக் கணக்கைத்தான் அவள் போட்டாள். வேறு சமாதானம் எதுவும் அதற்குக் கிடையாது.

நூறு மணி நேரம் நிறைந்தது. கடிதம் வந்தது. நோயாளிகளிடம் அவளுக்கு இருக்கும் பரிவு அபூர்வமானது என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். இலையுதிர் காலத்தில் அதை இணைத்து விண்ணப்பித்தாள். பிப்ரவரியில் இடம் கிடைத்தது. இனாயத்துல்லா இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்க்ராஃப்ட் தெருவுக்குப் போய் இரண்டு கிலோ ஸ்வீட் வாங்கி வந்து ஆன்ட்டிகளுக்கெல்லாம் கொடுத்தான்.

அதே வாரம் நேசமலர் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வியாதி ஈரலுக்குப் போயிருந்தது. போனில் மொழிபெயர்ப்பாளர் தயாராக இருந்தும் அவள் ஒப்பவில்லை. வாலண்டியராக இருந்த அந்தப் பிள்ளை வரவேணும், மற்றவர்கள் பயப்படுத்துவார்கள் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஷாந்தன் வேறு வழியில்லாமல் ஷஹீமாவை அழைத்தான்.

அவள் போனபோது நேசமலர் பாதியாகியிருந்தாள். பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னாத்தான் நான் நம்புவன். டொக்டர் என்ன சொல்லுறார்?"

சில மாதங்கள்தான், ஆபரேஷனால் இனி பயனில்லை என்றார் சர்ஜன். ஷாந்தன் இந்த முறையும் தலையை அசைத்து வேண்டாம் என்றான். ஷஹீமா அவனைப் பார்க்கவில்லை.

"கான்சர், ஆன்ட்டி. இனிமே ஆபரேஷன் பண்ண முடியாதாம். கொஞ்ச மாசம்தான்ங்கறாரு. அன்னைக்கே கான்சர்தான். நான்தான் மறைச்சேன்."

நேசமலர் அழவில்லை, உடையவுமில்லை. மகனை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஷஹீமாவிடம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"சொல்லியிருந்தா அண்டைக்கே வெட்டச் சொல்லியிருப்பனே, பிள்ளை."