பின்சீட்டின் பாரம்

ரசமட்டத்தின் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் வந்து நிற்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், சரியான சாய்வு, இந்த மாதத்தில் நான்காவது முறையாகச் சரியான சாய்வு, ஜாக்கியில் தூக்கி நிறுத்திய என் அம்பாசடரின் அடியில் மல்லாந்து கிடக்கிறேன், பின் அச்சில், சுழல்தண்டு வந்து சேரும் பினியனின் மூக்கு எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவு தாழ்ந்திருக்கிறது, வண்டியைத் தாங்கும் வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே நான் சீவிச் சீவிச் செருகிய இரும்பு ஆப்பு அசையாமல் இருக்கிறது, ஆனாலும் அறுபதைத் தொட்டதும் பின்சீட்டு உதறத்தான் போகிறது, புதுப்பட்டை மாற்றிய நாளிலிருந்து இந்தச் சனியன் அப்படித்தான், ஊரார் வண்டியையெல்லாம் சரிசெய்தவனுக்குச் சொந்த வண்டி அடங்கமாட்டேன் என்கிறது, பின்சீட்டு என்றால் துளசிமணி, முன்னால் உட்கார்ந்தால் தலைசுற்றும் என்று கல்யாணமான மறுவாரம் வால்பாறை போனபோதே பின்னால் ஏறிக்கொண்டவள், ஆரஞ்சு மிட்டாயைச் சப்பியபடி என் பிடரியைப் பார்த்துப் பேசுகிறாள், மாமா, உங்க காது வெயில்ல செவந்து கெடக்குதுங், நான் சிரிக்கிறேன், வளைவு திரும்புகிறது, திரும்பினால் போன வாரம், அவள் முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, ஒவ்வொரு உதறலுக்கும் பல்லைக் கடிக்கிறாள், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு எங்கண்ணங் கார்லயே போயிக்கறேன், உங்க வண்டி வேண்டாம், முப்பது வருடத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அவள் மேலா வண்டி மேலா என்றுதான் தெரியவில்லை.

சோறு ஆறுது, என்று பட்டறை வாசலில் வந்து நிற்கிறாள், எல்லாம் கரெக்டாத்தான் இருக்குது புள்ள, அப்பறம் எதுக்கு உதறுதுன்னு நீயே சொல்லு, என்று அடியில் கிடந்தபடியே கத்துகிறேன், அந்தரத்துல தொங்க உட்டுப் பாத்தா என்னங் தெரியும், எம் முதுக எக்ஸ்ரே படம் புடிச்சவரு நிக்க வெச்சுத்தானுங் புடிச்சாரு, பாரம் எறங்குனாத்தான் கோளாறு தெரியுமாமுங், என்கிறாள், கற்றுக்குட்டிக்கும் தெரிந்த பாடம், எனக்குத் தெரியாததா, வண்டிக்கு அடியில் நின்று பார்க்க வெட்டிய குழியின் மேல் பழைய டயர்களை அடுக்கி வைத்துவிட்டு அவற்றை நகர்த்தச் சோம்பல்பட்டு, தூக்கிய வண்டியிலேயே நான்கு முறையும் அளந்திருக்கிறேன், என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டயர்களை உருட்டித் தள்ளி, வண்டியை இறக்கிக் குழிமேல் நிறுத்தி, நான் குழிக்குள் இறங்குகிறேன், ஏறி உக்காரு புள்ள, மெதுவா, கதவு சாத்தும் சத்தம், பட்டை முனகுகிறது, வால்பாறைச் சாலையில் முனகியது போலவே, குமிழி நடுவை விட்டு ஓடி ஓரத்தில் முட்டி நிற்கிறது, ஒரு மாதமாக அவள் இல்லாத வண்டியைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன், எங்கண்ணன வர வேண்டாம்னு சொல்லீரட்டுங்களா மாமா, என்று மேலிருந்து கேட்கிறாள், இன்னும் ஒரு ஆப்பு சீவோணும், என்கிறேன், அதுவரைக்கும் எறங்கீராத.