நீலத் துணிக்குள் ஒரு மாப்பிள்ளை

“மூஞ்சியைக் காட்டச் சொல்லு! மூஞ்சி தெரியாத ஆம்பளைக்குப் பொண்ணைக் கட்டிக் கொடுக்க நான் என்ன கண்ணு அவிஞ்சவளா?”

“மாமி, பாத்துப் பேசுங்க. என் தம்பி உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கான். வைத்தியம் பாத்துக்க வரலை.”

“வைத்தியம் பாக்க வேண்டிய மூஞ்சியா இருந்தா அதையும் இப்பவே சொல்லிடு!”

முதலில் கத்தியவள் கமர் நிஷா, பெண்ணைப் பெற்றவள். பதில் கொடுத்தவள் அமீர் நிஷா, மாப்பிள்ளையின் அக்கா. இருவரும் நின்றது உள்கட்டு வாசலில், பூப்போட்ட திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கூடத்தில் ஆண்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து நாலு பேர் கைபோட்டுச் சாப்பிடுவதுதான் எங்கள் தெருவில் விருந்து. அந்த நாலு பேரில் ஒருவன் மட்டும் மூக்கு முதல் கழுத்துவரை கருநீலத் துணியைச் சுற்றிக்கொண்டு, துணிக்கு அடியில் கையை விட்டு விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் மாப்பிள்ளை சேக் பரீது.

வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் மறைந்து நிற்கிற ஒரு பெண், வெளியே உட்கார்ந்திருக்கிற ஆண் முகத்தை மூடியிருக்கிறான் என்று சண்டை போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி நான், வெங்காயம் உரித்துக் கொடுக்கத்தான் போனேன். இதைப் பார்த்த பிறகு யாருக்கு வெங்காயத்தில் மனசு போகும்?

சேக் பரீது பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாகச் சேர்ந்து, அல்ஜீரியாவுக்குத் தெற்கே பாலைவனத்தில் லாரி ஓட்டியவன். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் ஊர் திரும்பினான். இந்த விருந்துவரை ஒழுங்காகத்தான் இருந்தான். கடைத்தெருவுக்குப் போனான், பள்ளிவாசலுக்குப் போனான், முகம் எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாருக்கும் என்றால் ஆண்களுக்கு. கல்யாணப் பெண் ஆரிபாவுக்கு அவன் தலைதான் தெரியும். காயவைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் மொட்டைமாடிக்குப் போனால் அவ்வளவுதான் தெரியும். இருந்தும் அந்தத் தலையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது என்பது அவள் ஈரமில்லாத தாவணியைத் திரும்பத் திரும்ப உதறிய விதத்திலேயே புரிந்தது.

அவளுக்கு நாகப்பட்டினத்தில் பேசிய சம்பந்தம் ஏற்கெனவே நிச்சயத்தோடு நின்றுபோயிருந்தது. நின்றது நாகப்பட்டினத்துக்காரர்களால்தான். ஆனாலும் நின்ற கல்யாணத்துக்குக் காரணம் பெண் வீட்டில் தேடுவதுதானே ஊர் வழக்கம். இதுவும் கலைந்தால் ஆரிபாவைப் பற்றிப் பேச ஆள் நிறையக் கிடைப்பார்கள், கேட்டு வரத்தான் ஆள் இருக்காது. அது அவளுக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் மூலையில் உட்கார்ந்து, தலைமுக்காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள வந்தப்ப முதுகுதான் தெரிஞ்சுது, தலையில சுத்தியிருந்தாரு! தலைப்பாகைன்னு நெனச்சேன். என் வளையல் சத்தம் கேட்டதும் படக்குன்னு இழுத்து மூக்கை மூடிக்கிட்டாரு. என் வீட்டு ஆணம் அவ்வளவு நாறுதா?” என்றாள் கமர் நிஷா. தன் குழம்பைப் பற்றிய சந்தேகம் அவளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எங்களுக்கு முன்பே உண்டு.

“ஒருவேளை மீசைக்கு அடியில உதடு கிதடு…” என்று ஆரம்பித்தார் பீர் மைதீன். இவர் மூத்த மகள் சஃபியாவின் புருஷன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். பீர் மைதீன் அப்படி வந்தவர். சஹனில் புது மாப்பிள்ளை பக்கத்திலிருந்த இறைச்சியும் மெதுவாக இவர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. “அங்கே கத்திச் சண்டை அதிகமாம். உதட்டை அறுத்துடுவாங்களாம்.”

“நீங்க பாத்தீங்களா?” என்று திரைக்குள்ளிருந்து அமீர் நிஷா சீறினாள்.

“கேள்விப்பட்டேன்.” எலும்பை உறிஞ்சினார்.

கடைசியில் ஆரிபாவின் வாப்பா நெய்னா முகம்மது கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பினாங்குக்கும் சைகோனுக்கும் துணி ஏற்றிப் போனவர், பல ஊர் தண்ணீர் குடித்தவர். “தம்பி, உள்ள பொம்பளைங்க என்னென்னமோ சொல்றாங்க. நீங்களே சொல்லிடுங்களேன்.”

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “மரியாதைக்குத்தான் மாமா மூடினேன்.”

“யாருக்கு மரியாதை?”

“மாமிக்கு.”

கமர் நிஷா காதைத் திரையோடு ஒட்டினாள். நானும் வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

அவன் மெதுவாகத்தான் சொன்னான். கேட்கக் கேட்க எனக்கே லாரியில் ஏறிக்கொண்டதுபோல் இருந்தது. கார்தாயா என்று ஓர் ஊராம், மலைச்சரிவில் தேன்கூடு மாதிரி வீடுகளாம். அங்கே பெண்கள் வெள்ளைப் போர்வைக்குள் ஒற்றைக் கண்ணை மட்டும் காட்டிப் போவார்களாம். அதைத் தாண்டினால் வெறும் மணல். பகலெல்லாம் ஓட்டினாலும் மணல். கண் கூசிக் கண்ணீர் வரும் நேரத்தில் திடீரென்று கறுப்பாக ஒரு கோடு, கிட்டே போனால் பேரீச்ச மரங்கள். மரத்துக்கடியில் மாதுளை, மாதுளைக்கடியில் பார்லி.

“தண்ணி?” என்றார் நெய்னா முகம்மது. அவருக்குத் திருநள்ளாறு பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. வாய்க்காலைப் பற்றி யார் பேசினாலும் நிமிர்ந்துவிடுவார்.

“பூமிக்கடியில வாய்க்கால் வெட்டிக் கொண்டாருவாங்க மாமா. தோட்டத்துக்கு முன்னால சீப்பு மாதிரி ஒரு கல்லு. பல்லுக்கு நடுவுல தண்ணி பிரிஞ்சு அவங்கவங்க பங்குக்குத் தானா போவும்.”

“மடைக்கு ஆள் காவல்?”

“வேணாம். கல்லுதான் காவல்.”

“நம்மூர்ல வைச்சா அந்தக் கல்லை மறுநாள் தூக்கிட்டுப் போயிருப்பானுங்க,” என்றார் அவர், ஏக்கத்தோடு.

“வாய்க்கால் கதை பொறவு பேசலாம், மூஞ்சிக்கு வரச் சொல்லுங்க!” இது கமர் நிஷா.

மாமியின் குரலைக் கேட்டதும் சேக் பரீது துணியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு தொடர்ந்தான். அதற்கும் தெற்கே ஒருமுறை லாரி மணலில் புதைந்து அச்சு முறிந்துவிட்டதாம். ஒட்டகக்காரர்கள் வந்து தங்கள் கூடாரத்துக்கு அழைத்துப் போனார்களாம். பெர்பர் ஜனங்களாம். “தொழுவாங்க, நோன்பு வைப்பாங்க, ஆனா பாசை வேற. அரபின்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. அங்கே முகத்தை மூடுறது ஆம்பளைங்க. பொம்பளைங்க மூடுறதில்லை.”

“என்னது?” திரை ஆடியது.

“வடக்கே பொம்பளை ஒத்தைக் கண்ணைக் காட்டுவா. தெற்கே போனா ஆம்பளை ரெண்டு கண்ணைத்தான் காட்டுவான். பொம்பளைங்க ஒத்தைத் தந்தி வாத்தியம் வாசிப்பாங்க, புள்ளைங்களுக்கு மணல்ல எழுத்துச் சொல்லிக் குடுப்பாங்க. கூடாரமே பொம்பளையோடதுதான். பொண்ணுக்குக் கல்யாணம்னா தாயார் கூடாரம் கட்டிக் குடுப்பா, மாப்பிள்ளை வந்து இருந்துக்கணும்.”

“அட, நம்ம வழக்கம்!” என்று கமர் நிஷா தன்னை மறந்து சொன்னாள். பிறகு சுதாரித்துக்கொண்டாள். “சரி, மாமிக்கு மரியாதைங்கிறது?”

அந்தக் கூடாரத்தில் முதல் நாள் பசியில் சோறு கண்ட இடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து சாப்பிட்டுவிட்டானாம். எதிரில் வீட்டுக்காரனின் மாமியார். மொத்தக் கூட்டமும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதாம், ஏதோ உடுப்பில்லாமல் வந்து நின்றவனைப் பார்த்ததுபோல. மாமியார் இருக்கிற இடத்தில் மருமகன் வாயும் மூக்கும் தெரியக்கூடாது, அவள் பார்க்க மெல்லக்கூடாது. அதுதான் அங்கே பெரிய ஒழுக்கம். “நான் விருந்தாளிதான். ஆனாலும் வெக்கமாப் போச்சு. அப்புறம் அவங்களோட எத்தனையோ கூடாரம் சுத்தினேன். பழகிடுச்சு மாமா. நல்ல எடத்துல சம்பந்தம் கெடைச்சிருக்கு, மரியாதையில கொறை வைக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.”

நல்ல பதில்தான். கமர் நிஷாவின் தோள் கொஞ்சம் தளர்ந்ததைக்கூடப் பார்த்தேன். ஆனால் பீர் மைதீன் என்று ஒருவர் இருக்கிறாரே.

“கதை நல்லாத்தான் இருக்கு சகலை. துணியை எடுத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்.”

“எடுக்கறேன். மாமி கொஞ்சம் உள்ள போனா…”

“என் வீட்டுல நான் எதுக்கு உள்ள போவணும்?” தோள் மறுபடி ஏறிவிட்டது. “மறைக்க ஒண்ணும் இல்லேன்னா இங்கேயே எடுக்கட்டும். இல்லேன்னா எழுந்து போவட்டும்!”

“எழுந்திருடா பரீது!” அமீர் நிஷா செருப்பைத் தேடினாள். கொண்டுவந்த இனிப்புத் தட்டையும் தேடினாள். அதில் பாதியை நாங்கள் தின்றிருந்தோம்.

அப்போதுதான் மூலையிலிருந்து ஆரிபா எழுந்து வந்தாள். மாப்பிள்ளை காதில் விழும்படி கல்யாணப் பெண் பேசுவது எங்கள் தெருவில் அதுவரை நடந்ததில்லை.

“உம்மா, நீங்க கண்ணை மூடிக்கிங்க. நான் பாத்துக்கறேன். கட்டிக்கப் போறது நான்தானே.”

கமர் நிஷா திகைத்து நிற்கும்போதே அவள் திரையை ஒரு கையகலம் விலக்கிவிட்டாள். “எடுக்கச் சொல்லுங்க வாப்பா.”

சேக் பரீது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு துணியை அவிழ்த்தான்.

உதடு இருந்தது. பல் இருந்தது. மூக்கும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஆனால் மூக்குக்குக் கீழே கழுத்துவரை மனிதன் நீலம். மீசை நீலம், காது மடல் நீலம், உதட்டோரத்தில் நெய்ச்சோற்றுப் பருக்கை ஒன்று, அதுவும் நீலம்.

“யா அல்லாஹ், ஆளு ஊறிப்போயிட்டாரு!” என்றார் பீர் மைதீன்.

“துணியைச் சாயத்துல முக்கி எடுக்காம, சாயப்பொடியைத் துணியிலயே அடிச்சு ஏத்துவாங்க. அங்கே எல்லாருமே நீலந்தான், அது கௌரவம்,” என்று சேக் பரீது தடுமாறினான். “காஞ்ச ஊரு, லேசாத்தான் ஒட்டும். இது நல்ல நாளுக்குன்னு வெச்சிருந்த புதுத் துணி. இங்கே வேர்வை…” ஐப்பசிப் புழுக்கத்தில் காரைக்காலில் நிற்கிற சுவரே வேர்க்கும். அதை மனுஷன் மறந்துவிட்டான்.

ஆரிபா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திச் சிரிப்பதெல்லாம் இல்லை. மொட்டைமாடிவரை கேட்கும் சிரிப்பு. சிரித்து முடித்துத் தாயைப் பார்த்துச் சொன்னாள்: “சீயக்காய் போட்டுத் தேச்சா போயிடும் உம்மா. எனக்குச் சம்மதம்.”

கண்ணை மூடவே செய்யாத கமர் நிஷா யோசித்தாள். “மாப்பிள்ளைகிட்ட கேளுங்க,” என்றாள் புருஷனிடம். “கல்யாணத்துக்குப் பொறவும் நான் இருக்கிற எடத்துல இப்படித்தான் அடக்கமா இருப்பாரா?”

“உசுரு உள்ளவரைக்கும் மாமி.” கை தன்னால் துணியைத் தேடியது.

கமர் நிஷா திரைவழியாக மூத்த மருமகனைப் பார்த்தாள். அவர் அந்த நேரம் பார்த்துத்தான் ஏப்பம் விட்டு, ஆணத்தில் உப்புக் குறைச்சல் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“தேதியை மாத்தாதீங்க,” என்றாள் கமர் நிஷா. “சஃபியா! உன் புருஷனுக்கு ஒரு துண்டு எடுத்துக் குடு.”

நிக்காஹ் சொன்ன வெள்ளிக்கிழமையே நடந்தது. நீலம் சீயக்காய்க்கு முழுதாகப் போகவில்லை. ஊர்வலத்தில் வந்த மாப்பிள்ளையின் தாடை லேசாக வான நிறம் காட்டியதைப் பார்த்து மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவருகிற அஞ்சுகம், “பட்டாளத்துல மைக் குடுவையிலயா படுக்க வெச்சாங்க?” என்று கேட்டாள். பீர் மைதீன் துண்டு விஷயத்தைப் பொறுக்காமல் சஃபியாவைக் கூட்டிக்கொண்டு நாகூருக்குக் குடிபோனார். பெண்ணுக்கென்று கொடுத்த வீட்டை விட்டுப் பெண்ணையே கிளப்பிக்கொண்டு போன முதல் மருமகன் என்று இன்றும் அவருக்குப் பேர். அமீர் நிஷா, தம்பிக்கு முடித்த கையோடு தருமபுரத்தில் பெண்டாட்டி இழந்த ஜவுளிக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். அந்த ஆளுக்கு அதற்குப் பிறகு சத்தம் எழும்பியதாக யாரும் சொல்லவில்லை.

சேக் பரீது இரண்டு மழைக்காலம் மாமியார் வீட்டில் இருந்து பார்த்தான். பிறகு நைஜர் நாட்டில் அகதேஸ் என்ற ஊரில் லாரி வேலை என்று கிளம்பினான். கூடவே ஆரிபாவும் கிளம்பினாள். தடுத்துப் பார்த்த கமர் நிஷாவிடம், “அங்கே கூடாரம் என் பேர்ல இருக்கும் உம்மா,” என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாள். போன இடத்தில் முகத்தைக் காற்றாட வைத்துக்கொண்டு, ஒட்டகப் பால் காய்ச்சி, மூன்று பிள்ளை பெற்றுவிட்டாள் என்று சேதி. நெய்னா முகம்மது அவர்களைப் பார்க்க ஒருமுறை போனார். சீப்புக் கல்லைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனார், இன்னும் வரவில்லை. ஆளில்லாத வீட்டைப் பூட்டிவிட்டுக் கமர் நிஷா நாகூரில் பீர் மைதீன் வீட்டில் இருக்கிறாள்.