அவள் பக்கத்து ஸ்விட்ச்

முட்டை ஏற்றும் பிக்கப் வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட் கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. முட்டைக்காரர் ஓசைப்படாமல் போய் அதில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தார். மாமனார் மருமகன் காலைப் பிடித்தது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான்.

"யாரு... மாமாவா?"

"வேற யாருன்னு நெனச்சீங்க?"

மருமகன் முதுகாலேயே ஊர்ந்து வெளியே வந்தான். கையில் கட்டிங் பிளேயர். சட்டைப் பையில் கறுப்பு டேப் உருண்டை துருத்திக்கொண்டிருந்தது. வீட்டின் முன்னறையில் மாமியார்க்காரி பெட்டிக்குள் கிடக்கிறாள்; இவன் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதுதான் என்று முட்டைக்காரருக்குப் பட்டது.

"என்ன பண்றீங்க மாப்ளே?"

"ஃபியூஸ் பாத்தேன் மாமா. இன்னைக்குப் போய் வண்டி மக்கர் பண்ணிடக் கூடாதுல்ல."

"ஃபியூஸ் பாக்கறதுக்குக் கட்டர் எதுக்கு?"

மருமகன் பிளேயரைப் பார்த்தான், அது யாருடையது என்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னான்: "மாமா, இன்னைக்கு நான் ஓட்டறேன். சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"நீங்க அத்தை பக்கத்துல உக்காந்துக்கலாமேன்னு..."

"அவ பின்னாடி பெட்டியில வரப்போறா. நான் எங்க உக்காந்தாலும் முதுகுப் பக்கம்தான்."

முட்டைக்காரர் அவன் கையிலிருந்த பிளேயரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். சாவி இருக்கிறதா என்று இன்னொரு பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவர் யாரையும் சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. நம்பினவனை வாடா போடா என்பார். நம்பாதவனுக்கு மரியாதை கொடுப்பார். மருமகனுக்கு, அவன் பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கொடுக்க ஆரம்பித்த மரியாதை இன்னும் ஒரு பிடி குறையவில்லை. அவன் தொழிலே அவருக்குப் பிடிக்காது. வண்டியைச் செய்தவன் வைக்காததையெல்லாம் இவன் வைத்துக் கொடுப்பான். கூடுதல் லைட்டு, பாட்டு, மின்விசிறி, பின்பக்கம் பார்க்க ஒரு கேமரா. பெற்றவனுக்குத் தெரியாத மச்சம் இவனுக்குத் தெரியுமாக்கும் என்பார். அவருடைய பிக்கப்பிலும் கேட்காமலே ஒரு விசிறி மாட்டினான். ஓசியில் மாட்டுகிறவன் ஒருநாள் வண்டியையே மாட்டிக்கொண்டு போவான் என்று அன்றே மனைவியிடம் சொன்னார். அவள் "காத்து வருதா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றாள்.

மகள் வாசலுக்கு வந்தாள். அழுது வீங்கிய முகம். அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

"பாத்துட்டாரா?" என்றாள் புருஷனிடம்.

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது அவளுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னத்தப் பாத்துட்டேனா?" என்றார் முட்டைக்காரர்.

"ஒண்ணுமில்லப்பா. உள்ள வாங்க. எல்லாரும் உங்களத் தேடறாங்க."

"தேடட்டும். நான் தொலைஞ்சு போகல."

ஒன்றுமில்லையாம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாக முடிச்சு விழுந்தது. மனைவி காய்ச்சல் என்று படுத்த நாளிலிருந்தே இந்த வீட்டில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. பெற்ற தாய் படுக்கையில் கிடக்க, மகள் தினமும் காலையில் முட்டை வண்டியில் ஏறி அவரோடு உட்கார்ந்துகொண்டாள். "அம்மாவப் பாத்துக்கடி" என்றால், "அவர் பாத்துக்குவாரு" என்றாள். மருமகன் கடையைப் பூட்டிவிட்டு வந்து மாமியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். கடையைப் பூட்டினால் அன்றைக்குச் சோறு இல்லை என்கிற தொழில் அவனுக்கு. அப்படிப்பட்டவன் எதற்குப் பூட்டுவான்? மகள் எந்தெந்த பேக்கரி, எந்தெந்த வழி என்று கற்றுக்கொள்கிறாள். மருமகன் கிழவியைக் கரைக்கிறான். அவர் உள்ளே வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ஒருநாள் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு "சத்தியமா?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தது. "என்ன சத்தியம்?" என்று கேட்டதற்கு, "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். சாகக் கிடக்கிறவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? விட்டுவிட்டார்.

இப்போது விடவில்லை. அந்தப் பக்கக் கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டார்.

மிதியடிப் பாய் ஏற்கெனவே தூக்கிக் கிடந்தது. அதற்கடியில் ஒரு வயர் ஓடியது. லாரி ஓட்டின காலத்திலிருந்தே வண்டியின் வயிற்றை அவர் அறிவார். கம்பெனி வயர் எது, ஒட்டு வயர் எது என்று தடவினாலே தெரியும். இது ஒட்டு. ஆனால் அவர் பார்த்ததிலேயே சுத்தமான ஒட்டு. உறைக்குள் போட்டு, சாணுக்குச் சாண் பட்டை கட்டி, தகட்டு விளிம்பு உரசாமல் ரப்பர் வைத்துக் கொண்டுபோயிருந்தான். திருட்டு வேலைக்கு இத்தனை நேர்த்தி எதற்கு என்று நினைத்தார். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத்தான், வேறு எதற்கு? வண்டி எங்கே நிற்கிறது என்று போனில் காட்டிக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டாமே. அதுவாகத்தான் இருக்கும்.

"மாமா, சொல்றதக் கேளுங்க" என்றான் மருமகன் பின்னாலிருந்து.

"நீங்க ரொம்பச் சொல்லிட்டீங்க. இப்ப வயர் சொல்லட்டும்."

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஒரு முனை டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரிலே பெட்டிக்குப் போய், அங்கிருந்து இன்ஜின் பக்கம் நுழைந்து மறைந்தது. இன்னொரு முனை தரைக்கு வந்தது. தரையில் ஒரு இரும்புக் குமிழ். அவர் கை நின்றது. பழைய லாரிகளில் எதிரே வருகிறவனுக்கு லைட்டைத் தாழ்த்த இடது காலடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதே ஸ்விட்ச். ஆனால் ஓட்டுகிறவன் காலடியில் இல்லை. பக்கத்தில் உட்காருகிறவள் காலடியில்.

உள்ளங்கையால் அழுத்தினார்.

டிக்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தெரு முக்குகளில் வண்டியை மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் கேட்டிருக்கிறார். "என்னடி சத்தம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவியை ஒருநாள் கேட்டார். "என் முட்டிதான். வயசான முட்டி பேசாம இருக்குமா?" என்றாள். எண்ணெய் தேய்க்கச் சொன்னார். அவளும் சரி என்றாள். அவள் படுத்த பிறகு மகள் உட்கார்ந்து வந்த நாட்களிலும் அந்த டிக் கேட்டது. தாயைப் போலப் பிள்ளை, இத்தனை சின்ன வயதிலேயே முட்டி போய்விட்டதே என்று வருத்தப்பட்டதோடு சரி.

மறுபடியும் அழுத்தினார். டிக். வண்டிக்குள் எதுவும் எரியவில்லை, எதுவும் அசையவில்லை.

"அண்ணே, நிறுத்தியிருக்கிற வண்டிக்கு எதுக்கு லைட்டு?"

குரல் வண்டிக்கு முன்னாலிருந்து வந்தது. பேக்கரிக்காரன். துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரத் தன் கடை நாற்காலிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றான். அவரிடம் வாடா போடா வாங்குகிற வெகு சிலரில் ஒருவன்.

"என்ன லைட்டுடா?"

"முன்னாடி கம்பிக்குள்ள இருக்கே, மஞ்ச லைட்டு. இப்பக்கூட மின்னுச்சே. பின்னாடியும் ரெண்டு இருக்குல்ல."

முட்டைக்காரர் வெளியே வந்தார். "நாற்காலிய இறக்கி வச்சுட்டு நீ உள்ள போய் அந்தக் குமிழ அமுக்கு" என்று பேக்கரிக்காரனிடம் சொல்லிவிட்டு வண்டி முன்னால் போய் நின்றார். முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால், தேடினால் ஒழியக் கண்ணில் படாத இடத்தில், இரண்டு மஞ்சள் விளக்குகள் வெட்டி வெட்டி மின்னின. பட்டப்பகலில் கண்ணைக் குத்தியது. ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஒருநாளும் தெரியாது.

"இது எப்பருந்துடா இருக்கு?"

பேக்கரிக்காரன் அப்போதுதான் மகள் கண்ணைக் காட்டுவதைப் பார்த்தான். ஆனால் வாய் அதற்குள் பாதி வழி போய்விட்டது.

"ரொம்ப நாளா இருக்கேண்ணே. முக்குல இது மின்னுச்சுன்னா கடப்பையனுங்க எல்லாம் 'முட்டை வருது, ஓரம் போ'ன்னுவானுங்க. உங்களுக்குத் தெரியும்னுதான்..."

முட்டைக்காரர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெருமை உண்டு. நான் ஹாரன் அடிக்க மாட்டேன், ஒரு முட்டை உடையாது, என் வண்டியைப் பார்த்தால் தெரு தானாக ஒதுங்கும். இந்தப் பேக்கரிக்காரன் கடையில் உட்கார்ந்தும் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மனைவியும் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"யாரு வைக்கச் சொன்னா?" என்று மருமகனைக் கேட்டார். பதில் தெரிந்துதான் கேட்டார்.

"அத்தைதான் மாமா. முதல்ல ஹாரன்தான் வைக்கச் சொன்னாங்க. உங்களுக்குக் கேட்டுடும்னு நான்தான் லைட்டு வச்சேன். தான் போயிட்டா நீங்க பாக்கறதுக்கு முன்னாடி கழட்டிடணும்னு சத்தியம் வாங்கினாங்க. நேத்தே கழட்டியிருக்கணும். ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க, முடியல."

"எதுக்கு? எனக்கு என்ன குருடா?"

பேக்கரிக்காரன் வண்டியிலிருந்து இறங்கி, கீழே வைத்த நாற்காலிகளை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டான்.

மகள்தான் சொன்னாள். "ஒருநாள் ஒரு பொம்பள சைக்கிள்ல போனாப்பா. அம்மா பக்கம். உங்க வண்டிக் கண்ணாடி அவ தோள்ல இடிச்சுது. அவ விழுந்தா. நீங்க பேசிக்கிட்டே ஓட்டிக்கிட்டுப் போனீங்க."

"பொய்."

"அம்மா எதையோ மறந்துட்டேன்னு வண்டிய நிறுத்தச் சொல்லி, திரும்ப ஓடிப் போய் அவளத் தூக்கி விட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதாங்க. கண்ணு பாக்கப் போலாம்னு கூப்பிட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

அது அவருக்கு நினைவிருந்தது. கண் டாக்டரும் கண்ணாடிக் கடைக்காரனும் கூட்டுக் களவாணிகள் என்று சொன்னார். அதற்கு மறுநாளிலிருந்துதான் அவள் தினமும் பையோடு வண்டியில் ஏறினாள். "வீட்டுல தனியா உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கு ரோட்டப் பாத்துட்டு வரேன்" என்றாள். பேக்கரியில் ஓசி கேக் தின்கிறேனா என்று வேவு பார்க்க வருகிறாள் என்று நினைத்தார். அவள் கண் எப்போதும் வெளியிலேயே இருந்தது. வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தார். பேசினால் பாதிக்குத்தான் பதில் வரும். மரியாதை குறைந்துவிட்டது என்று நினைத்தார்.

அவர் வண்டியில் சாய்ந்து நின்றார். வாசல் நேரே தெரிந்தது. வாசலுக்கு அப்பால் முன்னறை, அதன் நடுவில் பெட்டி, பெட்டி விளிம்பில் அவள் புடவையின் நீலம். வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடினார். கண் உறுத்தலில் தேய்க்கிறார் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருக்கலாம். இடது கண்ணில் வாசல் புகைந்துபோனது. பெட்டியும் நீலமும் இருந்த இடத்தில் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஏதோ இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கையை எடுத்தார். நீலம் திரும்பி வந்தது.

"உள்ள போய் ஆக வேண்டியதப் பாருங்க" என்றார்.

மதியத்துக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முட்டைத் தட்டுகள் அடுக்குகிற இடத்தில் பழைய கம்பளியை விரித்து, அது நகராமல் இரண்டு பக்கமும் கயிறு கட்டச் சொன்னார். கட்டினதை நம்பாமல் இழுத்துப் பார்த்தார். ஒன்றை அவிழ்த்துத் தானே கட்டினார். மகள் பின்னால் ஏறி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் நடந்து வருவதாகச் சொன்னார்கள்.

பிறகு அவர் ஓட்டுகிற பக்கத்துக் கதவருகே போய்க் கைப்பிடியில் கை வைத்தார்.

மருமகன் இரண்டடி தள்ளி நின்றான். சாவி கேட்கவில்லை. பேக்கரிக்காரன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் மேலிருந்து "அப்பா" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை அவரைத் தவிர வேறு ஒருவன் திறந்ததில்லை. அவளுடைய கடைசிப் பயணம் இது. இதைக்கூட அடுத்தவன் ஓட்டுவதா? முக்கில் ஒரு பெண் சைக்கிளில் வந்தால்? அந்தக் குமிழை யார் மிதிப்பார்கள்?

கைப்பிடியை விட்டார். பையில் கை விட்டுப் பிளேயரை எடுத்தார், பிறகு சாவியை. இரண்டையும் மருமகன் கையில் வைத்தார்.

"கிளச்சு மேலதான் பிடிக்கும். பாத்து விடு."

"சரி மாமா."

"பள்ளத்துல அவ தலை ஆடக் கூடாது."

"சரி மாமா."

"நின்னுக்கிட்டே இருக்க. ஏறுடா."

வண்டியின் முகப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அந்தக் கதவு வழியாக அவர் ஏறி உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் இடித்தன. அவள் குள்ளம். சீட்டை முடிந்த மட்டும் முன்னால் இழுத்து வைத்திருந்தாள்.

"மாமா, கீழ லீவர் இருக்கு. பின்னால தள்ளிக்கலாம்."

அவர் கை சீட்டுக்கடியில் போய் லீவரைத் தேடிப் பிடித்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வெறுங்கையாக மடிக்குத் திரும்பியது.

"வண்டிய எடு" என்றார். முழங்கால்களை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டு, வெளியே ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.