ஆழ்குழாயில் பச்சை

தா.பழூர் பக்கத்து ஊர் ஒன்றில் பத்து நாளாக வயிற்றுப்போக்கு. பதினாறு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஊருக்குக் குடிதண்ணீர் இரண்டே இடத்தில்: ஒரு திறந்த கிணறு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஆழ்குழாய். பேராசிரியர் பரணிதரனின் குழு இரண்டிலும் தண்ணீர் எடுத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுக்களை ஆராய்ந்திருந்தது. முடிவு, நாலாயிரம் வரி அட்டவணை. அதை ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததும் புரிகிற படமாக்கும் வேலை இர்பானாவுக்கு.

இர்பானா லப்பைக்குடிக்காட்டுக்காரி, டிசைன் படித்தவள். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு வட்டம் போட்டாள். மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிகளுக்குச் சிவப்பு, வெயிலில் வளர்பவற்றுக்குப் பச்சை. ஆழ்குழாய் வட்டத்தில் எங்கு பார்த்தாலும் சிவப்பு; கிணற்று வட்டத்தில் சிவப்பே இல்லை. பதினொரு மணிக்கு ஊர்க்கூட்டம், குழாயைக் கழற்ற ஆளும் வந்தாச்சு என்று ஊரிலிருந்து பரணிதரன் போனில் அவசரப்படுத்தினார். அதற்குப் பிறகு ஊரே கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

அரியலூரில் பிரிண்ட் எடுக்கப் போனவள் நின்றுவிட்டாள். சிவப்புக்கு நடுவே பச்சையும் அப்பிக் கிடந்தது. முந்நூறு அடி ஆழத்தில் வெயில் ஏது? வானம் பார்த்த கிணற்றின் வட்டத்திலோ ஒரு பச்சைப் புள்ளி இல்லை.

தண்ணீர் எடுத்து வந்தவள் அவள் சிநேகிதி விண்ணரசி, குழுவின் ஒப்பந்த ஊழியர். பாட்டில்கள் மாறிவிட்டனவா என்று இர்பானா போனில் நேராகவே கேட்டாள். அன்று மழையில் பாட்டில் சீட்டுகள் உரிந்துவிட்டதாகவும், ஞாபகத்தில் எழுதி ஒட்டியதாகவும் விண்ணரசி சொன்னாள். அடுத்த மாதம் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

"மாறிடுச்சுன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது. படத்துல அப்படித்தான் தெரியுது. சார்கிட்ட நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நீ சொல்லாத." விண்ணரசி போனை வைத்துவிட்டாள்.

பரணிதரன் போனை எடுக்கவில்லை. இர்பானா அரியலூரிலிருந்து ஸ்கூட்டரை விரட்டினாள். போய்ச் சேர்ந்தபோது குழாயின் இரண்டு போல்ட்டுகள் கழன்றிருந்தன. கிணற்றடியில் குடங்கள் வரிசையில் நின்றன. பரணிதரன் முன்னால் விண்ணரசி அழுதபடி நின்றாள். அவளே சொல்லிவிட்டிருந்தாள். அவர் நம்புவதாயில்லை. இர்பானா போனில் படத்தைக் காட்டி, ஆழ்குழாய் வட்டத்தின் பச்சையைத் தொட்டாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டையும் மூடுங்க," என்றார் கடைசியில். "லாரித் தண்ணி வரட்டும்."

நான்கு நாளில் மறுபரிசோதனை வந்தது. கெட்டிருந்தது கிணறுதான்.

விண்ணரசியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இர்பானா இரண்டு முறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தவள், ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எல்லாரும் வீடு திரும்பிவிட்டார்களா என்றுதான் முதலில் கேட்டாள்.