மூடாத வடிவம்

ஸ்பூனில் எடுத்த வெந்நீரைக் கணவனின் உதட்டில் விட்டுக்கொண்டிருந்தாள் சுப்புலக்ஷ்மி. ஜம்புநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிராஜுக்கு போன் பண்ணு. எங்க ஆராய்ச்சிப் பேப்பரை அனுப்ப வேண்டாம்னு சொல்லு."

"ஏன்னா, இன்னிக்குத் தபால்ல சேக்கப்போறதா சொன்னானே."

"நீளம், அகலம், உயரம், காலம் போக மிச்ச ஆறு பரிமாணமும் சுருண்டு ஒரு வடிவமா மூடிக்கணும். நாங்க எடுத்துண்டது மூடலை. ஒரு பக்கம் திறந்துண்டு ஓடறது. ஜியோமெட்ரி தப்புன்னா நம்ம உலகத்துக்கு கிராவிட்டியே வராது, சுப்பு."

எல்லாப் பொருளும் மிகச் சிறிய இழைகளின் அதிர்வு, புவியீர்ப்பும் அதில் ஒன்று. அவருடைய இயற்பியல் ஆராய்ச்சியில் அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான். காலையில் அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டிருந்தார். வலிக்குப் போடும் ஊசி அப்படிப் பேச வைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது குரல் தெளிவாக இருந்தது.

பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மியை அவரருகே உட்காரவைத்துவிட்டு, செம்பூர் ஸ்டேஷனை ஒட்டிய மருந்துக்கடைக்குப் போனாள். போன் அங்கேதான் இருந்தது.

சிராஜ் தாராவிக்காரன். அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவன். கட்டுரை இருவர் பெயரிலும் இருந்தது. அதை நம்பித்தான் வெளிநாட்டில் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவள் சொன்னதை அவன் முழுதாகக் கேட்டுக்கொண்டான்.

"அக்கா, சார் நெனவோடதான் சொன்னாவளா?"

ஊசி மயக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனுக்கு அந்த வெளிநாட்டு வேலை கிடைத்துவிடும். அவர் பெயரும் அச்சில் வந்துவிடும். அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தெளிவாத்தான் சொன்னார்."

மறுமுனையில் யாரோ டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரிக்கா. நிறுத்திருதேன்."

அவள் திரும்பியபோது நாகலக்ஷ்மி வாசலில் நின்றிருந்தாள்.

"சொல்லியாச்சான்னு கேட்டார். ஆச்சுன்னேன். எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியலை." நாகலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் மூச்சு வரலை."

சிராஜ் வருவதற்குள் மாதுங்காவிலிருந்து உறவினர்கள் வந்து கூடம் நிறைந்திருந்தது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே ஒதுங்கி நின்றான். சுப்புலக்ஷ்மி எழுந்து அவனிடம் போனாள்.

"கணக்கைப் பாத்தியா?"

"போர்டுல போட்டுப் பாத்தேன்க்கா. சார் சொன்னதுதான் சரி." அவன் நிமிரவில்லை.

"உன் வேலை?"

"தெரியலக்கா."

நாகலக்ஷ்மி தன் வீட்டிலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். அவரைத் தூக்கிப் படியில் இறக்கத் தெம்புள்ள ஆள் போதாது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ போ," என்றாள் சுப்புலக்ஷ்மி.

அவன் டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். டம்ளரில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் சாக்பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது.